வீட்டில் மின்காருக்குச் சார்ஜ் ஏற்றும் செலவைக் குறைப்பது எப்படி: தமிழ்நாட்டு மின்கட்டணத்தை வைத்து ஒரு கணக்கு

மின்கார் வைத்திருப்பவர்களிடம் கிலோமீட்டருக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் ஒரு ரூபாய் என்பார்கள். அது சிலருக்கு மட்டும் சரி. அதே ஊரில், அதே காரை, அதே தூரம் ஓட்டும் ஒருவருக்கு முக்கால் ரூபாய்தான் ஆகிறது. இன்னொருவர் தமக்கே தெரியாமல் ஒன்றேமுக்கால் ரூபாய்க்கும் மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த வேறுபாடு காரினால் வருவதில்லை. வீட்டு மீட்டரில் அந்த இரண்டு மாதம் மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்பதனால் வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விகிதத்தில் கட்டணம் வாங்கப்படுகிறது. காருக்கு ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் வீட்டுச் செலவின் மேல் வந்து அமர்வதால், அதற்கு நாம் கொடுப்பது சராசரி விலையை அல்ல, கடைசிப் படியின் விலையை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எங்கே பணம் மிச்சமாகும், எங்கே ஆகாது என்பது தானாகவே விளங்கும்.

முதலில் படிகளைப் பார்ப்போம். கீழே உள்ள கணக்குகள் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில், அரசு மானியம் போக நுகர்வோர் கட்டும் தொகையை வைத்துப் போடப்பட்டவை. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் அதன் பிறகும் இதே விகிதம் தொடர்ந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை முழுவதும் போய்விடும். முதல் 100 இலவசம் நீடிக்கும். ஆனால் 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.70 ரூபாய், 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55 ரூபாய் என்று ஏறும். கட்டணம் திருத்தப்படும்போது புதிய எண்களை இதே கணக்கில் பொருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கார் இல்லாதபோது அங்கே இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகிறது. கட்டணம் 1,301 ரூபாய். கார் மாதம் 1,000 கிலோமீட்டர், அதாவது ஒரு கணக்கீட்டுக் காலத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சிறிய, நடுத்தர மின்கார்கள் நம் சாலைகளில் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டரை ஒட்டித் தருகின்றன. பேட்டரிக்குள் போவதைவிடச் சுவரிலிருந்து எடுப்பது அதிகம் என்பதால், மீட்டரில் சுமார் 320 யூனிட் கூடும். மொத்தம் 740 யூனிட். கட்டணம் 4,203 ரூபாய். காருக்காகக் கூடியது 2,902 ரூபாய். யூனிட்டுக்கு 9 ரூபாய் 7 பைசா, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 45 பைசா. லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்கும் பெட்ரோலில், நகருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் இதே தூரத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல் கேட்கும் என்பதால், 2,902 ரூபாய் யாருக்கும் உறுத்துவதில்லை. உறுத்தாததனாலேயே அதில் பாதியை மிச்சப்படுத்த வழி இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை.

அளந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்

எதையும் குறைப்பதற்கு முன்னால் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும்: வீடு எவ்வளவு எடுக்கிறது, கார் எவ்வளவு எடுக்கிறது. காரின் திரை காட்டும் எண்ணை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அது பேட்டரிக்குள் போனதைக் காட்டுமே தவிர, நாம் பணம் கட்டப்போவதைக் காட்டாது. எங்கள் வீட்டில் சார்ஜ் போடும் பிளக்குக்கு முன்னால், எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) பெட்டிக்குள்ளேயே அடங்கும் ஒரு சிறிய மின்னணு மீட்டரைப் பொருத்தியிருக்கிறோம். காரின் திரை 20 யூனிட் ஏறியதாகக் காட்டிய ஓர் இரவில் அந்த மீட்டர் 22.8 என்று காட்டியது. இடையிலுள்ள 2.8 யூனிட், மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றும்போதும், சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் காரின் மின்னணுக் கருவிகளும் குளிரூட்டும் பம்பும் ஓடுவதிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. எடுத்த மின்சாரத்தில் 10 முதல் 15 விழுக்காடு வரை இப்படிப் போவது இயல்பு. அதற்கு மேல் போனால் வயரிங்கிலோ மின்னழுத்தத்திலோ கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நோட்டைத் தொங்கவிட்டு, மின்வாரியக் கணக்கீட்டாளர் வந்துபோன நாளிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டு மீட்டரின் எண்ணையும் கார் மீட்டரின் எண்ணையும் குறித்துவருவது நல்லது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும். இரண்டு மாதத்தின் நடுவில், அதாவது நான்காவது வாரக் கடைசியில், வீடு எந்தப் படியில் போய் நிற்கும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். அப்போது தெரிந்தால் ஏதாவது செய்யலாம். பில் வந்த பிறகு தெரிந்தால் கட்டத்தான் வேண்டும்.

500 என்ற கோடு

படிகளிலேயே அதிக கவனம் கேட்பது 500-வது யூனிட்தான். சரியாக 500 யூனிட் ஓடினால் கட்டணம் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 பைசா. அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய். 8 ரூபாய் 40 பைசா அந்த யூனிட்டுக்கு, மீதி 235 ரூபாய் கீழே இழந்த சலுகைக்கு.

காரை அதிகம் ஓட்டாத குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓடும் சிறிய கார் இரண்டு மாதத்துக்கு 97 யூனிட்டை ஒட்டி எடுக்கும். வீட்டுச் செலவு 390 யூனிட்டாக இருந்தால் மொத்தம் 487. காருக்காகக் கூடுவது 595 ரூபாய்தான், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதே குடும்பம் விருந்தாளி வந்த ஒரு வாரத்தில் ஏ.சி.யைக் கூடுதலாக ஓட்டி 510-ல் போய் நின்றால் பில் 2,124 ரூபாயாகிவிடும். நோட்டில் 470-ஐத் தாண்டியதைப் பார்த்தவுடன், கணக்கெடுப்புக்கு மீதமுள்ள சில நாட்களுக்குக் காரின் சார்ஜைத் தள்ளிப்போடுவது அல்லது வேறிடத்தில் ஏற்றுவது அந்தப் பணத்தைக் காப்பாற்றும்.

வேறிடம் என்றால் எது வரை லாபம் என்பதற்கும் கணக்கு உண்டு. அலுவலகத்தில் இலவசமாக ஏற்ற முடிந்தால் பேச்சே இல்லை. பொது வேகச் சார்ஜர்களில் யூனிட்டுக்குப் பெரும்பாலும் 18 முதல் 25 ரூபாய் வரை ஆகிறது. உங்கள் பகுதியில் எல்லாம் சேர்த்து 22 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 500-ஐத் தாண்டி எடுக்கப்போவது 17 யூனிட் வரைதான் என்றால், வெளியே ஏற்றுவது மலிவு. அதற்கு மேல் தேவைப்படும் என்றால் 235 ரூபாய் போனது போகட்டும் என்று வீட்டிலேயே ஏற்றிவிடுவதுதான் மலிவு. கோட்டைத் தாண்டிய பிறகு அந்தக் காலம் முழுவதும் வீட்டு மின்சாரமே குறைந்த விலை. 1000 யூனிட்டைத் தாண்டிய வீட்டின் 11.55 ரூபாய்கூட வெளியே கொடுப்பதில் ஏறக்குறையப் பாதிதான். சிலர் பில்லைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் வெளியே ஏற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தெரியாமல் இரட்டிப்பாகச் செலவழிக்கிறார்கள்.

சார்ஜைத் தள்ளிப்போடுவது செலவை ஒழிப்பதில்லை, அடுத்த காலத்துக்கு மாற்றுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களின் கடைசியில் தள்ளிப்போட்டால், ஜூனிலும் ஏ.சி. ஓடும் வீட்டுக்கு எந்த லாபமும் இல்லை. அக்டோபரில் வீடு குளிரும் சமயத்தில் தள்ளிப்போட்டால், நவம்பர், டிசம்பரின் கீழ்ப்படிகளில் அந்த யூனிட்டுகள் போய்ச் சேரும். கணக்கெடுப்பு நாள் எந்த மாதத்தில் விழுகிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது இது.

இரவில் ஏற்றினால் மலிவா?

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் முதலில் வருவது இரவு 11 மணிக்கு மேல் ஏற்றுங்கள் என்பதுதான். பிரிட்டனிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இரவு மின்சாரம் விலை குறைவு என்பதால் அங்கே அது சரியான ஆலோசனை. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் நேரத்துக்கு ஏற்ற விலை இல்லை. நண்பகலில் ஏற்றினாலும் நள்ளிரவில் ஏற்றினாலும் யூனிட் யூனிட்தான்.

இந்த நிலை மாறினால் எந்தப் பக்கம் மாறும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மத்திய அரசு 2023-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு வீடுகளுக்கும் நேரக் கட்டணம் வர வேண்டும் என்கின்றன. அந்த விதிகளின்படி விலை குறையப்போவது சூரிய ஒளி உள்ள பகல் நேரத்தில். வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக அது இருக்க வேண்டும். மாலை உச்ச நேரத்தில் விலை ஏறும். ஆகவே புதிதாக வீடு கட்டுபவர்களும் கார் நிறுத்துமிடத்துக்கு வயரிங் செய்பவர்களும், கார் பகலில் நிற்கும் இடத்திலும் ஒரு பிளக் வைத்துக்கொள்வது பின்னால் பயன்படும்.

பின்னிரவில் ஏற்றுவதற்கு வேறு நியாயங்கள் உண்டு. மாலை ஏழு மணிக்குத் தெரு முழுவதும் ஏ.சி. ஓடத் தொடங்கும்போது பல ஊர்களில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்போது சார்ஜர் குறைந்த திறனில் ஓடி, அதே சார்ஜை ஏற்ற அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. காரின் மின்னணுக் கருவிகள் அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் மின்சாரம் எடுக்கின்றன. வெயிலில் ஓடி வந்த பேட்டரி ஆறுவதற்கும் சில மணி நேரம் கிடைக்கிறது. காரின் செயலியிலோ சார்ஜரிலோ நேரம் குறிக்கும் வசதி இருந்தால் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குமாறு வைத்துவிடலாம்.

கார் விலையைக் குறைக்க வீட்டைக் குறையுங்கள்

கார் கடைசிப் படியில் அமர்ந்திருக்கிறது என்றால், வீட்டில் எங்கே ஒரு யூனிட்டைக் குறைத்தாலும் அந்தக் கடைசிப் படியின் விலைதான் மிச்சமாகிறது. கார் வருவதற்கு முன்னால் 6.30 ரூபாயை மிச்சப்படுத்திய அதே சிக்கனம், கார் வந்த பிறகு 9.45 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. முன்பு கட்டுப்படியாகாது என்று விட்டவற்றை இப்போது மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்விசிறியிலிருந்து தொடங்கலாம். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கிறது, பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளது 30 வாட்டை ஒட்டி எடுக்கிறது. நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் மாற்றினால் 120 யூனிட். மேலே சொன்ன வீட்டில் மொத்தம் 740-லிருந்து 620-க்கு இறங்கும்; பில் 4,203-லிருந்து 3,069-ஆகும். ஒவ்வொரு பில்லிலும் 1,134 ரூபாய். மூன்று விசிறிகளுக்குச் செலவழித்த ஒன்பதாயிரத்தை ஒட்டிய தொகை ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. காரின் 750 கிலோமீட்டருக்கான மின்சாரம் கூரையில் சுழன்றுகொண்டிருந்தது என்பதை இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் நாங்கள் உணர்ந்தோம்.

அடுத்தது வெந்நீர். 2 கிலோவாட் கீசரை நாளுக்கு அரை மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அது எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு குறையும் என்று மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 22-ல் வைப்பவர்கள் 25-க்கு வந்து ஒரு விசிறியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, மீட்டருக்குத் தெரியும்.

எந்த மீட்டரில் ஏற்றுவது

தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் அப்பா, அம்மா கீழ்த்தளத்திலும் மகன் அல்லது மகள் குடும்பம் மேல்தளத்திலும் தனித்தனிச் சமையல், தனித்தனி மின்இணைப்புடன் இருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தின் பிளக் எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. வயரிங் செய்தவருக்கு எது பக்கமாக இருந்ததோ அதுதான். மேலே 420 யூனிட், கீழே 150 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். காரின் 320 யூனிட்டை மேல்வீட்டு மீட்டரில் ஏற்றினால் 2,902 ரூபாய் கூடும் என்று பார்த்தோம். கீழ்வீட்டு மீட்டரில் ஏற்றினால் அங்கே 117 ரூபாய் 50 பைசாவாக இருந்த பில் 1,616 ரூபாயாகும். கூடுவது 1,498 ரூபாய் 50 பைசாதான். கிலோமீட்டருக்கு முக்கால் ரூபாய். ஒரு வயரின் மறுமுனையை எங்கே மாட்டுவது என்ற ஒரே முடிவில் பாதிச் செலவு போய்விடுகிறது. பில்லை யார் கட்டுவது என்பதை வீட்டில் பேசிக்கொண்டு, பெற்றோர் தலையில் அது ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு கண்டிப்பு தேவை. தனித்தனிக் குடும்பங்கள் உண்மையாகவே வசிக்கும் இணைப்புகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஒரே குடும்பம் சலுகைக்காக இரண்டு வீட்டு இணைப்பு வாங்கி வைத்திருந்தால் மின்வாரியம் அவற்றை ஒன்றாக்கிவிடலாம். இரண்டு மீட்டருக்கும் மாற்றி மாற்றிப் போடும் சுவிட்சை ஒரே பிளக்கில் வைப்பதும் கூடாது. நியூட்ரல் குழம்பி உயிருக்கே ஆபத்தாக முடியும். பிளக் ஒரே மீட்டரோடு நிலையாக இணைந்திருக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கதை வேறு. படிக்கட்டு விளக்கு, தண்ணீர் பம்பு போன்றவற்றுக்கான பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு இலவச யூனிட்டும் இல்லை, படியும் இல்லை. 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைக்கப்பட்ட அந்தக் கட்டணம் அதன்பின் ஏறியிருக்கிறது. மூன்று தளத்துக்குள், பத்து வீட்டுக்குள், மின்தூக்கி இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 2023 அக்டோபரில் 5 ரூபாய் 50 பைசாவாகக் குறைத்து அறிவித்தார்கள். காரையும் சேர்த்து உங்கள் வீட்டுச் செலவு 500-க்குள் அடங்கும் என்றால், சொந்த மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து நிறுத்துமிடத்தில் பிளக் வைப்பதே மலிவு. வீட்டிலேயே 800, 900 யூனிட் ஓடுகிறது என்றால், பொது இணைப்பில் துணை மீட்டர் வைத்து சங்கத்துக்குப் பணம் கட்டுவது மலிவாக இருக்கக்கூடும். மின்வாகனத்துக்குத் தனி இணைப்பு கேட்கும் உரிமையை 2024 பிப்ரவரியில் வந்த மத்திய விதித் திருத்தம் தருகிறது. ஆனால் தனி இணைப்புக்குரிய கட்டண விகிதத்தையும் மாதா மாதம் வரும் நிலைக்கட்டணத்தையும் உங்கள் கடைசிப் படி விலையோடு ஒப்பிட்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும். சொந்த வாகனத்துக்கு வீட்டு இணைப்பிலேயே ஏற்றிக்கொள்ள மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்களில் எந்தத் தடையும் இல்லை.

பெரிய சார்ஜர் தேவையா?

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 5.3 யூனிட் போதும். 15 ஆம்பியர் பவர் பிளக்கில் 3 கிலோவாட் வீதம் ஏற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை அது. 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்பியர் வேண்டும்; அதற்காக மும்முனை இணைப்புக்கு மாறுவது, ஒப்பந்த மின்பளுவை உயர்த்தி அதற்குரிய கட்டணங்களைக் கட்டுவது, தடித்த கேபிள் இழுப்பது என்று செலவு நீளும். தினமும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கு அது நியாயம். மற்றவர்களுக்குக் காரோடு வரும் கையடக்கச் சார்ஜரே போதும் என்பது என் உறுதியான கருத்து. அதிலும் ஆம்பியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், வயரிங் தாங்கும் பட்சத்தில் உயர்ந்த அளவிலேயே வைக்க வேண்டும். 6 ஆம்பியரில் வைத்தால் சார்ஜ் ஏறும் நேரம் இரட்டிப்பாகி, அந்த நேரம் முழுவதும் காரின் கருவிகள் தின்னும் மின்சாரமும் கூடும்.

வயரிங்கில் காசைக் குறைக்கக் கூடாது. மீட்டரிலிருந்து கார் வரை 25 மீட்டர் தூரம், 13 ஆம்பியர் மின்னோட்டம் என்று வைத்துப் பார்த்தால், 1.5 ஸ்கொயர் (1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயரில் மட்டும் 100 வாட் வெப்பமாகப் போகிறது. இரண்டு மாதத்துக்கு 11 யூனிட். 4 ஸ்கொயர் செம்பு வயரில் அது 4 யூனிட்டாகக் குறையும். மிச்சமாவது அறுபது, எழுபது ரூபாய்தான். ஆனால் மெல்லிய வயர் சுவருக்குள் மணிக்கணக்கில் சூடாகிக்கொண்டே இருப்பது பணக்கணக்கில் அடங்குவதல்ல. நீட்டிப்புப் பெட்டியில் காரைச் சார்ஜ் போடவே கூடாது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து நிறுத்திவிட்டு, பிளக்கின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு இயல்பு, விரலை வைத்திருக்க முடியாத சூடு, துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், பித்தளைப் பின்னில் கருமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சாக்கெட்டை உடனே மாற்ற வேண்டும். தனி எம்.சி.பி., மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் மூன்றும் கட்டாயம். எர்த் சரியில்லாத வீட்டில் பல கார்கள் சார்ஜையே ஏற்றுக்கொள்ளாது. அதை ஏமாற்றி ஓடவைக்கும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பேட்டரியை எவ்வளவு நிரப்புவது என்பது மின்கட்டணத்தைத் தொடாது, பேட்டரியின் ஆயுளைத் தொடும். நிக்கல் கலந்த பேட்டரியானால் அன்றாடம் 80 விழுக்காட்டோடு நிறுத்துவது நல்லது; இரும்பு பாஸ்பேட் வகையானால் கையேட்டில் சொன்ன இடைவெளியில் மெதுவான சார்ஜில் முழுவதும் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு இருக்கிறது என்று திரை காட்டும் எண் பிசகத் தொடங்கும். டயரில் காற்று குறையாமல் வைப்பதும், நெடுஞ்சாலையில் 100-க்குப் பதில் 80-ல் போவதும் கடைசிப் படியிலிருந்து யூனிட்டுகளைக் குறைக்கும் வழிகள்தாம்.

கூரையில் சூரிய மின்தகடு

இதைக் கடைசியில் வைத்தது இது பெரிய முதலீடு என்பதால். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் வைத்தால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டை ஒட்டி வரும். கூரையிலிருந்து வாரியத்துக்குப் போகும் யூனிட்டை நாம் எடுக்கும் யூனிட்டிலிருந்து கழிக்கும் நிகர அளவீட்டு முறை வீடுகளுக்கு இருப்பதால், கூரையில் விளைந்த யூனிட்டுகள் மேல்படியிலிருந்து கழிந்துகொண்டே வரும். அதனால்தான் கார் இல்லாத வீட்டுக்கும் கார் உள்ள வீட்டுக்கும் இதன் லாபம் ஒன்றல்ல. 420 யூனிட் வீட்டில் ஆண்டுக்கு ஆறு பில்லுக்கும் சேர்த்து மிச்சமாவது 7,800 ரூபாய்தான். 740 யூனிட் வீட்டில் 40 யூனிட்டுக்கு இறங்கி, ஆண்டுக்கு 25,000 ரூபாய் மிச்சமாகும். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. 3 கிலோவாட்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொண்டால், மானியம் போகக் கையிலிருந்து போவது 1,22,000 ரூபாய். கார் உள்ள வீட்டில் இது ஐந்து ஆண்டில் திரும்பும். கார் இல்லாத வீட்டில் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இணைப்புக்காக வாரியம் வசூலிக்கும் கட்டணம் ஏதேனும் இருந்தால் அதை இந்த ஆண்டு மிச்சத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

நிகர அளவீடு இருக்கும்வரை, பகலில் விளைந்ததை இரவில் காருக்கு ஏற்றினாலும் பில்லில் வித்தியாசம் இல்லை. இதற்காகத் தனி பேட்டரி வாங்கி வைக்கத் தேவையில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேகத்தில் விளைச்சல் குறையும். கோடையில் கூடும்போது ஏ.சி.யும் கூடும். ஆகவே எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்வதற்கு முன்னால் கார் வந்த பிறகான குறைந்தது மூன்று பில்களையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். கார் வாங்கிய மாதத்திலேயே, பழைய பில்லைக் காட்டி விலைப்புள்ளி வாங்கியவர்கள் 2 கிலோவாட் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு மூன்றாவது கிலோவாட்டுக்காக மறுபடி விண்ணப்பம், மறுபடி ஆய்வு என்று அலைகிறார்கள்.